காலியாக விட்ட கட்டங்கள்

மூன்று வாரமாக வௌவால் இனங்களின் பண்புகளை ஒரே அட்டவணையில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முன்கை நீளம், எடை எல்லாம் எளிது. உணவுதான் பாடாய்ப் படுத்துகிறது. ஐரோப்பாவின் பிப்பிஸ்ட்ரெல் வௌவாலை 1990கள் வரை ஒரே இனமாகத்தான் எழுதிவைத்தார்கள். அப்புறம்தான் 45 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி எழுப்புவது ஓர் இனம், 55 வாக்கில் எழுப்புவது வேறு இனம் என்று தெரிந்தது. சரி, அதற்கு முந்தைய குறிப்புகளில் உள்ள உணவு எந்த இனத்துடையது? ஊகித்து நிரப்ப மனம் வரவில்லை. காலியாகவே விட்டேன்.

அட்டவணையில் பிராண்ட் வௌவால் என்ற இனத்தின் வரிசைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சுமார் 7 கிராம் எடைதான். அடையாளத்துக்காக வளையம் மாட்டிவிட்ட ஒன்று 41 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு கிடைத்திருக்கிறது! ஆண்டுக்கு ஒரே குட்டி. இவ்வளவு நிதானமாகப் பெருகும் உயிர்களின் வரிசையில் ஓர் எண்கூடத் தப்பாகிவிடக் கூடாது என்று நாளை மறுபடி சரிபார்க்கப் போகிறேன்.