டேபிஸ்ட்ரி ஆடை செய்முறைத் தேர்வு: கழுத்தைத் தறியிலேயே முடித்துவிடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. செய்முறையில் நல்ல மதிப்பெண், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சுமார். ஆளுக்கொரு தறிகூடத் தராமல் "ஏன் நேரத்துக்கு முடிக்கவில்லை" என்று கேட்ட கல்லூரியைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

அடுத்து எழுதப்போகும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நெசவிலேயே படம் வரும் டேபிஸ்ட்ரித் துணியில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். சாதா துணியில் ஊடை (குறுக்கு நூல்) இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். இதில் ஒவ்வொரு நிறமும் தன் எல்லையிலேயே திரும்பிவிடும். நடுவில் வெட்டினால் அந்தத் துண்டு ஊடையெல்லாம் பொலபொலவென்று உருவிக்கொண்டு வரும்.

அப்புறம் கழுத்து? ஊடைகளை ஒன்றோடொன்று கோக்காமல் திருப்பினால் பாவு (நீள நூல்) வாக்கில் பிளவு விழும் இல்லையா, அதுதான் கழுத்து. எகிப்தின் பழங்காலக் காப்டிக் சட்டைகளை ஒரு கைப்பக்கம் தொடங்கி மறு கைப்பக்கம் முடியும்படி பக்கவாட்டில் நெய்து, தலை நுழைய இப்படித்தான் வழி விட்டார்கள். பிளவின் இரண்டு முனையிலும் ஊடையை அடுத்த பாவோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள். போட்டுக் கழற்றும்போது அங்கேதான் கிழியும். மற்ற பிளவுகளைக் காஞ்சிபுரம் பட்டில் கரையை உடலோடு சேர்க்கும் கோர்வை போல ஊடையோடு ஊடை பிணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் நெய்த சட்டையில் அவை குறுக்காக வரும், பிணைக்காவிட்டால் துணியின் கனமே வாயைப் பிளக்க வைத்துவிடும்.

குறிஞ்சிப்பாடியில் லுங்கி நெய்யும் மாமா என் முதல் சாம்பிளைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, இத உடுத்திக்கணுமா, விரிச்சுப் படுக்கணுமா?" என்றார். சரியான கேள்வி. பாவு மறையும்படி ஊடையை அடித்து இறக்கினால் துணி விறைக்கும். சுவருக்குச் சரி, தோளுக்கு ஆகாது. அதனால் டிசைனை மார்பிலும் கரையிலும் மட்டும் வைத்து, மீதியைச் சாதா நெசவாக விட்டேன். டிசைன் வரும் இடத்தில் பாவை இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து எடுக்கணும், இல்லாவிட்டால் ஊடை இறங்காது. நிதானமான கைக்கு இது ஒத்துவரும். அவசரக்காரர்கள் வேறு டிசைன் பாருங்கள்.

வைவாவில் கேட்டவை:

- மகாராஷ்டிரத்துப் பைத்தானிப் புடவை, காஷ்மீரத்துக் கானிச் சால்வை: இரண்டும் டேபிஸ்ட்ரிதான், கானியில் ட்வில் கட்டு (சாய்வு வரி விழும் நெசவு).
- சீனத்துக் கெசி: பட்டு டேபிஸ்ட்ரி.
- வங்காளத்து ஜம்தானி ஏன் டேபிஸ்ட்ரி இல்லை? அடித்தள ஊடை முழு அகலமும் ஓடுகிறது, புட்டாவுக்கு (பூ உருவத்துக்கு) போவது கூடுதல் ஊடை. நிறையப் பேர் இதில்தான் மாட்டினார்கள்.

தேர்வு நவம்பர் மழையில் வந்தால், ஈரத்தில் பாவின் இழுப்பு மாறியிருக்கும், காலையில் போனதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.