பிள்ளை தரச் சொன்ன அவிநாசியப்பன்

அவிநாசிக் கோயிலில் இருக்கும் சிவன், எங்கள் அவிநாசியப்பனுக்கு நாங்கள் வேண்டிக்கொண்டிருந்த நேர்த்திக்கடன் இந்த ஐப்பசியில் நிறைவேறியது. என் மகன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய பாலும் இளநீரும் அப்பன் திருமேனியில் இறங்கியதைக் கண்ணாரக் கண்டுவிட்டேன். கோயிலுக்குப் போய்வந்த கதையை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சந்நிதியை நினைத்ததும் முன்பின் எல்லாம் கலந்துவிடுகிறது. வருகிறபடியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெருந்துறைக்குப் பக்கம். தோட்டத்தை ஒட்டியே கீழ்பவானி வாய்க்கால் போகிறது. பவானிசாகர் அணையில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விட்டால் ஊருக்கே நோம்பி வந்தது போல இருக்கும். மகனுக்கு ஐந்து வயது நடந்த வருடம், தண்ணீர் விட்ட புதிதில், துணி துவைக்கும் படியில் பெண்கள் நிறையப் பேர் இருந்தோம். அவனுடைய செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது. எடுக்கக் குனிந்தான். அடுத்த கணம் படியில் பிள்ளை இல்லை.

கரை நிரம்ப ஓடும் வாய்க்காலின் வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் கத்திக்கொண்டே கரையில் ஓடினேன். சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் துரட்டியை நீட்டினார். அதன் கொக்கி பிள்ளையின் சட்டைக் காலரில் மாட்டியது. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் மாட்டியிருக்காது. கரையில் கிடத்தி முதுகைத் தட்டியதும் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. பிறகு வீறிட்டு அழுதான். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அழுதார்கள்.

அப்போது என் வாயில் வந்தது ஒரே வரிதான். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." என் அம்மாயி அவிநாசிக்காரி. முதலை விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லி அவிநாசியப்பனிடம் சுந்தரர் பாடிய அந்தப் பதிகத்தைச் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பாள். அர்த்தம் தெரியாத வயதில் காதில் விழுந்த வரி, வேண்டிய நேரத்தில் தானாக வந்தது. அந்தக் கரையில் உட்கார்ந்தே வேண்டிக்கொண்டேன். அப்பா, இவன் வளர்ந்து ஆளாகிச் சொந்தமாகச் சம்பாதிக்கும்போது, அவன் காசிலேயே உனக்கு அபிஷேகம் செய்து வைக்கிறேன்.

வேண்டிக்கொள்வது எளிது. பிள்ளை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாய்க்குப் பெரிய பாடு. எங்கள் குடும்பத்தில் வெளியே போவது என்றாலே கோயிலுக்குத்தான். பண்ணாரிக்குப் போனால் திரும்பும் வழியில் கொடிவேரியில் குளியல், ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை, தைப்பூசத்துக்குச் சென்னிமலை, பிறகு சிவன்மலைத் தேர். தூக்குப்போசியில் புளிசோறு, இன்னொன்றில் தயிர்சோறு, வாழையிலையில் கட்டிய உருளைக்கிழங்கு வறுவல். பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளும் மடியில். அரை டிக்கெட் வயது வந்தபோதும் மகள் மடியை விட்டு இறங்க மாட்டாள்.

சென்னிமலையில் 1,320 படிகள். பிள்ளைகள் வளர்ந்ததை நான் அந்தப் படிகளில்தான் பார்த்தேன். முதலில் இடுப்பில் வைத்து ஏறினேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். சில வருடம் கழித்து எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் மேலே நின்று கையசைத்தார்கள். அதற்கும் பிறகு ஒரு தைப்பூசத்தன்று மகன், "நீங்கள் போய் வாருங்கள், எனக்குப் படிக்க வேண்டியிருக்கிறது" என்று வீட்டிலேயே இருந்துகொண்டான். அவன் வீட்டுக்காவலுக்கு இருப்பது நல்லதுதான் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அன்று அத்தனை படியையும் கையில் யாரும் இல்லாமல் ஏறி இறங்கினேன். புளிசோற்றில் பாதி அப்படியே திரும்பி வந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் உலகம் இருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் துரட்டியில் சிக்கி வந்த அந்த ஐந்து வயதுக்காரனை, ஈரச் சட்டையோடு என் மடியில் நடுங்கியவனை, மறுபடி ஒரே ஒரு நாள் கையில் எடுக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்குத் தீரவே இல்லை. பெற்றவர்களுக்குப் புரியும்.

இப்போது அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கார்த்திகையில் புனேவுக்குப் போகிறான். அதற்குள் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று அவனே நாள் பார்த்தான். எங்கள் மாட்டுப் பாலையே கொண்டுபோகலாம் என்றேன். "நான் சம்பாதித்ததில் என்றுதானே வேண்டிக்கொண்டீர்கள், அம்மா" என்று அதற்கும் அப்பாவிடம் காசை எண்ணிக் கொடுத்தான். அவரும் மறுக்காமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

விஜயமங்கலம், செங்கப்பள்ளி தாண்டி அவிநாசிப் பக்கம் போகும்போது குளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி ஆற்றின் உபரித் தண்ணீர் என்று கணக்கு. எங்கள் வாய்க்காலில் என் பிள்ளையை இழுத்துப் போகப் பார்த்ததும் இதே பவானித் தண்ணீர்தான். அதை நினைத்துக் காருக்குள்ளேயே கும்பிட்டேன். அந்தத் தண்ணீர்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. நாங்கள் குடிக்கிற கஞ்சி அது கொடுப்பது.

ஊருக்குள் காரை நிறுத்தியதும் ஆரம்பித்துவிட்டது. "அபிஷேகமா? வரிசையே வேண்டாம், நேராக உள்ளே கூட்டிப் போகிறேன், பார்த்துக் கொடுங்கள்" என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கையில் பூவைத் திணித்துவிட்டுப் பிறகு விலை சொல்கிறவர்கள் வேறு. முகூர்த்த நாள் என்பதால் கல்யாணக் கூட்டம் தாங்கவில்லை. பொண்ணு மாப்பிள்ளையைப் படம் எடுக்கிறவர்கள் சுவாமிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கும்பிட வந்தவர்களை "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று அதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல காரியம் அப்பன் முன்னால் நடக்கட்டும், ஆயிரம் நடக்கட்டும். ஆனால் நெடுந்தூரம் வந்து ஒரு நிமிடம் பார்க்க நிற்கிற கிழவியின் கண்ணை விளக்குப் போட்டு மறைப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நெரிசலில்தான் மகள் முதலை பிள்ளையை உமிழும் சிற்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். சின்ன வயதில் கதை கேட்கும்போது, "முதலை வயிற்றுக்குள் அவனுக்கு யார் சோறு போட்டார்கள்?" என்று கேட்டவள் அவள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், கேள்வியும் வளர்ந்திருக்கிறது. "அம்மா, முழுங்கும்போது அவனுக்கு ஐந்து வயது. சுந்தரர் வந்தது மூன்று வருடம் கழித்து. வெளியே வரும்போது எட்டு வயதுப் பையனாக வந்தான் என்றுதானே அம்மாயி சொல்லுவார்கள்?"

ஆமாம், அப்படித்தான். எதிர் வீட்டில் கூட விளையாடிய பையனுக்குப் பூணூல் கல்யாணம், இந்த வீட்டில் அழுகை. அந்த அழுகையையும் அடக்கிக்கொண்டு சுந்தரரை முகம் மலர வரவேற்றார்கள் பெற்றவர்கள். அவர் குளக்கரைக்குப் போய்ப் பாடினார். போன வருடங்களின் வளர்ச்சியோடு பிள்ளை வந்தான். தாய் ஓடி எடுத்தாள் என்று சேக்கிழார் பாடியிருக்கிறார். இத்தனை காலம் கேட்ட கதையில் எனக்கு அந்த இடம் தைத்ததே இல்லை. ஐந்து வயதுக்காரனை அப்படியே கொடுத்திருக்கலாம், அப்பனுக்கு முடியாததா? ஆனால் எதிர் வீட்டுப் பையனுக்குச் சமமாக, பூணூல் போடும் வயதில் நிறுத்திக் கொடுத்தான். ஓடி எடுத்த அந்தத் தாயின் கைக்கு, விட்டதைவிடக் கனமான பிள்ளை கிடைத்தான். அவள் குறைப்பட்டிருப்பாளா? எனக்கு முன்னால் பால்குடத்தோடு நின்ற மகனின் முதுகைப் பார்த்தேன். சட்டையில்லாமல், வேட்டியும் துண்டுமாக. அந்த முதுகைத்தான் அன்று கரையில் தட்டினார்கள்.

திரை போட்டிருந்தது. குருக்கள் வந்து சங்கல்பத்துக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இத்தனை வருடமும் எந்தக் கோயிலிலும் அதைச் சொல்கிறவள் நான்தான். வாயைத் திறப்பதற்குள் மகன் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொன்ன முதல் பெயர் எங்கள் நான்கு பேருடையதும் இல்லை. அவனைத் தண்ணீரிலிருந்து எடுத்த ஆட்டுக்கார அப்பாருவின் பெயர்.

"நட்சத்திரம்?"

"தெரியாது, சாமி."

"அப்படியானால் திருவாதிரை என்றே சொல்கிறேன். சுவாமி நட்சத்திரம்" என்றார் குருக்கள். பிறகு அப்பாவுக்கு உத்திராடம், எனக்குச் சித்திரை, தங்கைக்குப் பூசம். என் நட்சத்திரம் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அதோடு நிறுத்திவிட்டான். "தம்பி, உன் பெயர்?" என்று கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். பெயர் சொன்னேன், ரோகிணி என்றேன், அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது. திரை விலகியது. பால் இறங்கியது, இளநீர் இறங்கியது, விபூதிக் காப்பில் அப்பன் வெள்ளை வெளேரென்று நின்றான். தீபாராதனையில் என்ன கேட்டேன் என்று வீட்டுக்காரர் பிறகு விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன மிச்சம் வைத்திருக்கிறான்! கொடுத்தாயே, கொடுத்தாயே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுவாமிக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் கருணாம்பிகை சந்நிதியில் கூட்டம் குறைவு. அங்கே மகள் என் முந்தானையை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தாய் சந்நிதியில் காரணம் எதற்கு?

திரும்பும் வழியில் நேராக அப்பாருவின் சாளைக்குப் போனோம். வயதாகிவிட்டது, ஆடுகளை விற்றுவிட்டார். துரட்டி மட்டும் கூரையில் செருகியிருந்தது. மகன் விபூதி பூசிவிட்டு, வாங்கி வந்த வேட்டியைக் கொடுத்துக் காலில் விழுந்தான். வேட்டியை வாங்கிக்கொண்டார். கூட வைத்த பணத்தை மட்டும், "வேண்டாம் சாமி, ஊருக்குப் போகிற பிள்ளை, வைத்துக்கொள்" என்று திருப்பித் தந்துவிட்டார். நட்சத்திரம் கேட்டோம். ஆடி நோம்பிக்கு மறுநாள் பிறந்ததாக ஆத்தா சொல்லும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்றார். இன்று முதல் திருவாதிரை என்றதும், "எனக்கா? சுவாமி நட்சத்திரமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார்.

மார்கழித் திருவாதிரைக்கு அவரை அவிநாசிக்குக் கூட்டிப் போகிறோம். மகன் ஊரில் இருக்க மாட்டான், கார் ஓட்டுவது மகள். அம்மா கருணாம்பிகே, அதுவரை அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலி கூடாமல் பார்த்துக்கொள்.