கண்ணைப் பார்த்துப் பேசு

மெல்பர்னில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 'எஜுகேஷன் சப்போர்ட்' ஊழியராகச் சில வருடம் வேலை பார்த்தேன். மதுரையில் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய ஆகும் செலவையும் அலைச்சலையும் பார்த்துப் பயந்து, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். வகுப்பில் உதவி தேவைப்படுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் என்று ஊரில் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

2022-ல் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் என் பொறுப்பில் இருந்தாள். ஆட்டிசம் உள்ளவள். படிப்பில் கெட்டிக்காரி. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கூட்டம் நடக்கும். அவளுடைய அம்மா, ஒருங்கிணைப்பாளர், நான் என்று உட்கார்ந்து இலக்குகளை எழுதுவோம். அவளுடைய தாளில் முதல் இலக்கு: 'பேசும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பாள்.' அதற்கு டிக் போடுவது என் வேலை.

நான் அதை ரொம்ப மும்முரமாகச் செய்தேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணு, பிறகு பார்வையை எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?" என்பேன். "நல்லாப் போச்சு, உங்களுக்கு?" என்று சிரிப்போடு பதில் வரும். கண் சரியாக மூன்று எண்ணிக்கை. டிக். வீட்டுக்குப் போனதும் அவள் போர்வைக்குள் புகுந்துகொண்டு ராத்திரிவரை யாரோடும் பேசுவதில்லை என்று அவளுடைய அம்மா ஒரு தடவை சொன்னார். டீனேஜ் பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த அக்டோபரில் விடுமுறை முடிந்து வந்தவள் என் வழக்கமான கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. மேசையைப் பார்த்தபடி, "மிஸ், குவின்னியைப் பாருங்க" என்றாள். யார் குவின்னி, புதுசாகச் சேர்ந்த பிள்ளையா என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எண்ணாமல்.

குவின்னி என்பது 'ஹார்ட்பிரேக் ஹை' தொடரில் வரும், ஆட்டிசம் உள்ள பாத்திரம். தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வந்த பழைய தொடரை, 2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் புதிதாக எடுத்து வெளியிட்டிருந்தது. சிட்னியில் ஒரு பள்ளிக்கூடம், அதில் படிக்கும் பிள்ளைகள். முதல் பகுதியைப் போட்ட ஐந்தாவது நிமிடம் சத்தத்தைக் குறைத்தேன். பத்தாவது நிமிடம் சமையலறையிலிருந்து கணவர் எட்டிப்பார்த்தார். யார் யாரோடு படுத்தார்கள் என்று பிள்ளைகள் பள்ளிச் சுவரில் வரைபடம் வரைந்து வைத்திருக்கிறார்கள்! பள்ளி ஊழியராக இந்தத் தொடரை நான் எந்தப் பிள்ளைக்கும் சிபாரிசு செய்ய முடியாது. எனக்கு ஒரு பிள்ளை சிபாரிசு செய்ததால் பார்த்தேன், அவ்வளவே.

அப்புறம் குவின்னி காதலியோடு உணவகத்துக்குப் போகிற காட்சி வந்தது. தட்டுச் சத்தம், பக்கத்து மேசைச் சிரிப்பு, கரண்டி உரசுவது, எல்லாமே ஒரே அளவில் பெரிதாகக் காதில் அறைகிறது. எதிரே இருப்பவள் பேசுவது அதற்குள் முங்கிப்போகிறது. எங்கள் பள்ளி கேன்டீனில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, "என்னைப் பார்த்துப் பேசு" என்று நான் சொன்ன மதியங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

குவின்னியாக நடித்தவர் குளோயி ஹேடன். 1997-ல் பிறந்தவர், எங்கள் விக்டோரியா மாநிலத்துக்காரர். சின்ன வயதில் கேலியும் துன்புறுத்தலும் தாங்காமல் பள்ளி மாற்றி மாற்றிப் படித்து, கடைசியில் வீட்டிலிருந்தே படித்தவர். 13 வயதில்தான் ஆட்டிசம் என்று தெரியவந்தது. பதின்ம வயதிலேயே தன் அனுபவங்களை இணையத்தில் எழுதவும் யூடியூபில் பேசவும் தொடங்கிவிட்டார். தொடர் வந்த அதே 2022-ல் அவருடைய புத்தகமும் வந்தது. அதில் 'ஐ ஸ்பார்க்கிள்' என்று ஒரு சொல் பயன்படுத்துகிறார்: ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணில் மினுமினுப்பு வருமே, அது. நான் கண்ணை எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் கண்ணில் இதைப் பார்த்திருக்கிறார்.

தொடரை எழுதியவர்கள் அவரோடு உட்கார்ந்து பேசித்தான் குவின்னியை உருவாக்கினார்கள். ஆறாவது பகுதியில் அது தெரியும். தனக்குப் பிடித்த எழுத்தாளரைப் பார்க்கக் குவின்னி நிமிடக் கணக்கில் திட்டம் போட்டு வைத்திருக்கும் நாள் குலைந்துபோகிறது. காதலியோடு சண்டை. அவள் உடைந்துபோய்ப் பேச்சே நின்றுவிடுகிறது. வகுப்பறையில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் படிவத்தில் அதற்குப் பெயர் 'நடத்தைச் சம்பவம்'. தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று நிரப்ப வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது.

இதற்கு முந்தைய வருடம்தான் ஆஸ்திரேலியப் பாடகி சியா இயக்கிய படம் ஒன்றில், ஆட்டிசம் உள்ள பெண்ணாக ஆட்டிசம் இல்லாத நடிகையை நடிக்கவைத்துப் பெரிய கண்டனம் எழுந்தது. அமெரிக்காவில் 2020-லேயே கேலா குரோமர் என்ற ஆட்டிசம் உள்ள நடிகை ஒரு தொடரின் முக்கியப் பாத்திரமாக வந்துவிட்டார். எனக்கு அதெல்லாம் அப்போது சினிமாச் செய்தி. என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம், "பார்த்தேன். அந்தப் பொண்ணு பிரமாதமா நடிக்கிறா, இல்ல?" என்றேன். பென்சில் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "நல்லா நடிக்கிறாங்க மிஸ். ஆனா உங்ககிட்ட நான் நடிக்கிற அளவுக்கு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப்போலத் தெரிவதற்காகப் போட்டுக்கொள்ளும் வேஷத்தை 'மாஸ்கிங்' என்பார்கள். பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன். அந்த வேஷத்துக்கு ஒப்பனைக்காரி நானேதான் என்பது உறைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் முதல் இலக்கை எடுத்துவிடலாம் என்றேன். ஒருங்கிணைப்பாளருக்கு இஷ்டமில்லை. நாளைக்கு வேலை நேர்முகத்தில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காவிட்டால் யார் வேலை தருவார்கள் என்று கேட்டார். அம்மாவுக்கும் அதே பயம். நியாயமான பயம்தான், என்னிடம் சரியான பதில் இல்லை. குளோயி ஹேடனை உதாரணம் காட்டவும் மனம் வரவில்லை. சரளமாகப் பேசுகிற, கேமராவுக்குப் பிடித்துப்போன ஒருவர் ஜெயித்ததை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பேச்சே வராத எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனும் எங்களிடம் இருந்தான். அவனைப்போல ஒருவரை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் அவளையே கேட்போம் என்றார் அம்மா. அதுவரை அவளுடைய இலக்கை அவளிடம் யாரும் கேட்டதில்லை! அவள் எழுதிக்கொடுத்தாள்: 'சத்தம் தாங்கவில்லை என்றால் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே போவேன். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.'

ஆஸ்திரேலியாவின் சினிமா, தொலைக்காட்சிக்கான ஆக்டா விருதுகளில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது, சிறந்த நடிகை என்று டிசம்பரில் குளோயி ஹேடனுக்குக் கிடைத்தது. தானும் வாக்களித்ததாக அவள் சொன்னாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த ஆறாவது பகுதி, அந்த உணவகக் காட்சி, என் கணவர் எட்டிப்பார்த்தது என்று ஒரேயடியாகப் பேசிக்கொண்டே போனேன்.

அவள் மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு வெளியே போனாள்.