இலை பறித்த நேரமும் எழுதப்பட வேண்டும்

தாவர உயிர்வேதியியல் ஆய்வகத்தில் உப்பு, வறட்சி, காட்மியம், களைக்கொல்லி என்று ஒவ்வொன்றாகச் செடிக்குக் கொடுத்து, இலைக்குள் காப்பு நொதிகள் எவ்வளவு ஏறின, எவ்வளவு இறங்கின என்று அளப்பதுதான் என் வேலை. அந்தப் பட்டியலில் ஒளியைப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை. விளக்கு எப்போதும்போல எரிகிறது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எந்த ஒளியில் நின்ற இலை என்று தெரியாமல் நொதியின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

வெளிச்சம் பட்டதும் பசுங்கணிகத்தில் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குகின்றன. சர்க்கரை தயாரிக்கும் வேலை அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காதபோது, மிஞ்சியவற்றில் சில ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லைச் சேதப்படுத்தும் சூப்பராக்சைடாகின்றன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற காப்பு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் அதைத் தண்ணீராக்குகிறது. வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டைஆக்சைடை விடும் ஒளிச்சுவாசத்தின்போது, பெராக்சிசோம் என்ற செல் நுண்ணுறுப்பில் உண்டாகும் பெராக்சைடைக் கேட்டலேஸ் என்ற நொதி கவனித்துக்கொள்கிறது.

இவற்றில் கேட்டலேஸ்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வெளிச்சம் இருக்கும்போதுதான் இலைக்கு அது அதிகம் தேவை. அதே வெளிச்சம் அதைச் சிதைக்கவும் செய்கிறது. இலை ஓயாமல் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருந்தால்தான் அளவு நிலைக்கும். உப்போ குளிரோ புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால், வெளிச்சத்தில் நிற்கும் இலையில் கேட்டலேஸ் சரிகிறது. இருட்டில் வைத்த இலையில் அப்படிச் சரிவதில்லை. ‘உப்பு கேட்டலேஸைக் குறைத்தது’ என்று படிக்கும்போதெல்லாம், குறைத்ததில் விளக்கின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எனக்கு எழுகிறது. நேரமும் முக்கியம். ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு கேட்டலேஸ் மரபணு காலையில் உச்சத்துக்குப் போகிறது, இன்னொன்று மாலையில். காலையில் பறித்த, உப்பு போன்ற எதுவும் கொடுக்காத கட்டுப்பாட்டுச் செடியையும் மாலையில் பறித்த சோதனைச் செடியையும் எப்படி ஒப்பிடுவது?

நஞ்சு நீக்கும் நொதிகளும் ஒளிக்கு அப்பாற்பட்டவை அல்ல. மக்காச்சோளம் அட்ரசின் களைக்கொல்லியைத் தாங்குவதில் குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதிக் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1970இலேயே தெரியவந்த விஷயம் இது. இந்தக் குடும்பத்தின் சில மரபணுக்களைப் புறஊதா ஒளி தூண்டுகிறது. அராபிடாப்சிஸில் இக்குடும்பத்து நொதி ஒன்று, தூரச் சிவப்பு ஒளியை ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் உணர்ந்து செய்தி அனுப்பும் பாதையிலேயே பங்கெடுக்கிறது.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸை அளக்கும் முறைக்கே ஒளி வேண்டும் என்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம். ரிபோஃபிளேவின், மெத்தியோனின், நைட்ரோ புளூ டெட்ராசோலியம் கலந்த கண்ணாடிக் குழாய்களில் இலைச்சாற்றை விட்டு டியூப் லைட்டுக்கு அடியில் வரிசையாக வைப்போம். ஒளியில் உண்டாகும் சூப்பராக்சைடால் வெளிர்மஞ்சள் கரைசல் மெல்ல நீலம் ஏறும். நொதி அதிகம் உள்ள குழாயில் நீலம் குறைவு. இலைச்சாறே இல்லாத குழாய் ஆழ்ந்த நீலமாகிவிடும். அலுமினியத் தாளில் சுற்றிய குழாய் அப்படியே இருக்கும். பிறகு 560 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நீலத்தை அளவெடுப்போம். விளக்கின் ஓரத்தில் நின்ற குழாய்க்கு நடுவில் நின்றதைவிட நீலம் குறைந்துவிடும் என்பதால், குழாய்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செடித்தட்டுகளுக்கும் இதே கதைதான்.

அதனால் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் பிப்பெட்டுக்கு முன்பு ஒளிமானியைக் கொடுக்கிறேன். அலமாரியின் நடுவிலும் மூலைகளிலும் இலைமட்டத்தில் அளந்து குறிக்கச் சொல்கிறேன். விளக்கின் வகை, எரிந்த மணிநேரம், இலையைப் பறித்து உறையவைக்கத் திரவ நைட்ரஜனில் போட்ட நேரம் எல்லாம் அதே பக்கத்தில் வர வேண்டும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் புறஊதா ஒளி கிட்டத்தட்ட இல்லை. திறந்த வெயிலில் உண்டு. இந்த இரண்டு இடங்களிலும் வளர்ந்த செடிகளின் எண்களை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து எழுத நான் விடுவதில்லை.