முதல் காசு எப்போது கைக்கு வரும்?

மாதர் சங்கக் கூட்டத்தில், வீட்டில் காய்ச்சும் கள்ளச்சாராயமான கசிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழும்பிப் போன பிறகுதான் அந்தப் பேச்சு வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வாழ்வாதாரத் திட்டக் கள உத்தியோகத்தராக வேலை செய்யும் எனக்கு இது பழகிவிட்டது. அப்படி ஒரு நாள், போரில் கணவரை இழந்த ஓர் அம்மா கேட்டார்: "மகள், கிழமைக்குக் கிழமை லோன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். நீங்க தாற ஆடு எப்ப குட்டி போட்டு, எப்ப காசு வாறது? கோடா போட்டா அந்தக் கிழமையே காசு." கோடா என்பது கசிப்புக் காய்ச்ச ஊறவைக்கும் கலவை.

இலங்கையின் கிழக்கு முழுதும் 2007இல் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2009இல் போர் முடிந்தது. பாதை வந்தது, மின்சாரம் வந்தது. அதே பாதையால் நுண்கடன் கம்பனிகளும் வந்தன. தவணை கிழமைக்கு ஒன்று, வேளாண்மையில் வருமானம் போகத்துக்கு ஒன்று. இந்த இடைவெளியைத்தான் கசிப்பு நிரப்புகிறது. பொலிஸ் பிடித்தால் தண்டப்பணம், அதைக் கட்டப் புதுக்கடன், அந்தக் கடனை அடைக்கத் திரும்பவும் கோடா. பிடிபட்ட பரல்களை எண்ணி வெற்றி என்று எழுதுபவர்கள் இந்தக் கடனையும் எண்ண வேண்டும்.

ஆப்கானிஸ்தானிலும் இதே முடிச்சுத்தான். அபின் வியாபாரிகள் அறுவடைக்கு முன்பே விவசாயிக்கு முற்பணம் கொடுத்துவிடுவார்கள். 'சலாம்' என்று அதற்குப் பெயர். போர் சிதைத்த ஊர்களில் அதுதான் வங்கி. 2022 ஏப்ரலில் தலிபான் தடை போட்டது. ஐ.நா. கணக்குப்படி அடுத்த ஆண்டே செய்கை 233,000 ஹெக்டேயரிலிருந்து 10,800க்கு விழுந்தது. விவசாயிகள் இழந்த வருமானம் 100 கோடி டொலருக்கும் மேல். அதே 2023இல், இராணுவப் புரட்சிக்குப் பின் போரில் எரியும் மியன்மார் அபின் உற்பத்தியில் முதலிடத்துக்கு வந்தது.

கொலம்பியாவின் 2016 சமாதான உடன்படிக்கையில் போதைப்பொருளுக்குத் தனிப் பகுதியே உண்டு. கிட்டத்தட்ட ஒரு லட்சம் குடும்பங்கள் மாற்றுப்பயிர்த் திட்டத்தில் சேர்ந்தன. கொக்கெய்னுக்கான கோகாவைப் பயிரிட்டவர்கள் செடிகளைப் பிடுங்கினார்கள். ஆனால் மாற்றுத் தொழிலுக்கான உதவி பலருக்கு வருடக்கணக்கில் பிந்தியது. உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பார்க் (FARC) கெரில்லா இயக்கம் விட்டுப்போன இடங்களில் வேறு ஆயுதக் குழுக்கள் புகுந்தன. தாய்லாந்து வேறு வழியில் போனது. வடக்கு மலைகளில் 1969இல் தொடங்கிய அரச குடும்பத் திட்டம் கோப்பி, காய்கறி, பாதை, சந்தை என்று பல பத்தாண்டுகள் அங்கேயே நின்றது. எங்கள் பக்கம் ஒரு திட்டம் இரண்டு வருடம் தாங்கினால் பெரிய காரியம்.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருள் வேறு கதை. கசிப்புக் காசில் கொஞ்சமாவது அந்த வீட்டு அடுப்புக்குப் போகும். ஐஸ் காசு ஊரில் தங்குவதே இல்லை, பிள்ளைகளை மட்டும் கொண்டுபோகிறது. 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்று 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் பிடிபடுவது பெரும்பாலும் பாவித்துக்கொண்டு சில்லறையாக விற்கும் பொடியன்கள்தான்.

எனக்கு இதைவிடப் பயம் வேறொன்றில். ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தோளோடு தோள் நிற்கும் மாவட்டம் மட்டக்களப்பு. ஐஸைப் பற்றிக் கோயில் நிர்வாகத்தோடு பேசினால் "அங்கால இருந்துதான் வருது" என்பார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசினாலும் அதே வசனம். போர்க்காலத்து ஆறாத சந்தேகத்துக்கு இது புது எரிபொருள். இரண்டு பக்கத்துத் தாய்மாரையும் ஒன்றாக இருத்திப் பேச வைத்தபோதுதான் பேச்சு திசை மாறியது. சிகிச்சைக்கு எங்கே கூட்டிப்போவது, படிப்பை விட்ட மகனுக்கு என்ன வேலை எடுத்துக் கொடுப்பது என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். சமாதான வேலை என்று நான் நம்புவது இதைத்தான்.

இப்போது எந்த வாழ்வாதார முன்மொழிவு வந்தாலும் நான் முதலில் கேட்பது, முதல் காசு எத்தனையாம் நாள் அந்த அம்மாவின் கைக்கு வரும் என்பதைத்தான். ஆட்டோடு சேர்த்துக் கீரையும் முட்டைக்கோழியும் கொடுத்தால் கிழமைக்குக் கொஞ்சமாவது புரளும். கசிப்பு தந்த அளவுக்கு அது வராது. அதனால் பழைய கடன்களின் தவணையை மாதத்துக்கு ஒன்றாக மாற்றித் தரும்படி கம்பனிகளோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஒன்றிரண்டு இணங்கியிருக்கின்றன, மற்றவை இன்னும் பதில் தரவில்லை.