துப்பாக்கிக் கட்டையில் ஊறிய எண்ணெய்

முதல் கட்டையைக் கையில் வாங்கியதுமே விரல் ஒட்டியது. பார்க்க மினுமினுப்பாக இருந்தது. தொட்டால் பலகாரச் சட்டியின் வெளிப்பக்கம் மாதிரி பிசுபிசுப்பு.

சேலம் குகையில் மர பாலிஷ் வேலை பார்க்கிறேன். பீரோ, ஊஞ்சல் பலகை, ஏற்காட்டு பங்களாக்களின் பழைய நாற்காலிகள் என்று இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. துப்பாக்கிக் கட்டை மட்டும் அதுவரை கைக்கு வந்ததில்லை. ஒரு சித்திரை மாதம், ஒரு கல்லூரியின் என்.சி.சி. அறையில் இருந்து கூப்பிட்டார்கள். பதினாறு பழைய .303 ரைபிள்கள். அணிவகுப்புப் பயிற்சிக்கு என்று செயலிழக்கச் செய்து, ‘டி.பி.’ என்று குறித்தவை. சுடாது. ஆனாலும் ஒன்றுகூட வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஹவில்தார் கழற்றி, இரும்பை எண்ணிப் பூட்டிவிட்டு மரத்தை மட்டும் என்னிடம் கொடுப்பார். பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து நான் வேலை பார்ப்பேன்.

கழற்றுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நான்கு மரத் துண்டுகள்: தோளில் வைக்கும் பட், நீளமான முன்கட்டை, மேலே கை சுடாமல் இருக்க இரண்டு மெல்லிய மூடிகள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பட்டுக்குள் இருக்கும் நீள போல்ட்டைத் தேடியபோது தடுத்துவிட்டார்.

“மேஸ்திரி, முன்கட்டையை எடுக்காம அதைத் திருகாதீங்க. போல்ட் முனை சதுரமா இருக்கும். முன்கட்டைக்குள்ள ஒரு தகட்டுல மாட்டிக்கிட்டு நிக்குது. திருகினா கட்டை பிளந்துடும்.”

ஒரு ரைபிளின் கழுத்து இரும்பில் கிரீடமும், ஈஷாப்பூர் என்ற பெயரும், 1943 என்ற வருடமும் பொறித்திருந்தது. மரம் வால்நட். ஆனால் அழுக்குக்குள் அது எந்த மரம் என்றே தெரியவில்லை.

அந்த அழுக்கு ஒரே ஜாதி இல்லை. இரும்புக்குத் தடவிய மினரல் எண்ணெய் வருடக்கணக்கில் இறங்கி, இரும்பு பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. அதற்கு மேல் கை வியர்வையும் தூசியும். அதற்கும் மேல், பரேடு அன்றைக்குப் பளபளப்பு வேண்டும் என்று பிள்ளைகள் தேய்த்த தேங்காய் எண்ணெய், பூட் பாலிஷ். தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகவே இறுகாது. ஈரமாகவே கிடந்து தூசியை இழுக்கும். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகி மரத்தோடு மரமாகிவிடும். அந்தக் காலத்தில் ராணுவம் இந்தக் கட்டைகளுக்கு ஆளி விதை எண்ணெயைத்தான் ஊட்டியது. அதனால் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மேலே ஈரமாகக் கிடப்பது போக வேண்டும், அடியில் இறுகிக் கிடப்பது இருக்க வேண்டும்.

பொறுப்பில் இருந்தவர் வேறு மாதிரி சொன்னார். “உப்புத்தாள் போட்டு இழைச்சு, வார்னிஷ் அடிச்சுப் புதுசு மாதிரி கொடுத்துடுங்க.” முடியாது என்றேன். ஏற்கெனவே நான்கு கட்டைகளை முன்பு யாரோ அப்படி இழைத்திருந்தார்கள். மரம் தேய்ந்து இறங்கி, பட்டின் பித்தளைத் தகடு விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. விரலால் தடவிக் காட்டினேன். தேய்ந்த மரத்தை யாராலும் திருப்பி வைக்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, சரி, உங்கள் வழியில் செய்யுங்கள் என்றார்.

காஸ்டிக் சோடாவையும் தொடவில்லை. சின்ன வயதில் ஏற்காட்டில் ஒரு தேக்கு மேசைக்கு அதைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அழுக்குப் போனது. மரமும் கறுத்து, நார் எழும்பிப் பஞ்சாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா திட்டாமல் கூலியை நீட்டினார். வாங்க மனசு வரவில்லை.

முதலில் பனியன் துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். துணி தேன் நிறத்தில் வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். அப்புறம் சாக் பவுடரை டர்பன்டைனில் களிபோலக் குழைத்து அப்பி, கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் வைத்தோம். என்னோடு வந்த தம்பி, “நம்ம சாக் ஹில்ஸ்லயே அள்ளிட்டு வரலாமேண்ணா” என்றான். வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. அங்கே இருப்பது சாக் இல்லை, மேக்னசைட். நாம் வெள்ளைக்கல் என்கிறோமே, அதுதான். கடைச் சாக் பவுடரே போதும் என்று சொல்லி அனுப்பினேன். சேலத்துச் சித்திரை வெயில் இந்த வேலைக்குப் பெரிய உதவி. சூடு ஏறியதும் மரம் வியர்ப்பதுபோல எண்ணெய் வெளியே வரும், தூள் உறிஞ்சிப் பழுப்பாகும். சுரண்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். சில பட்டுகளுக்கு ஐந்து நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் ஒரு பட்டின் மேல்பக்கம் எஸ் என்று ஓர் எழுத்து எழும்பி வந்தது. ஹவில்தாரைக் கூப்பிட்டேன். இந்தப் பட்டுகள் பல நீளத்தில் செய்யப்பட்டவையாம். சட்டைக்கு அளவு போல, குட்டைக்கு எஸ், நீளத்துக்கு எல். நடுத்தரத்துக்கு எழுத்தே கிடையாது. இழைத்த அந்த நான்கு கட்டைகளில் எழுத்து இருந்ததா, இல்லையா என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கு அது இன்னமும் வருத்தம்தான். அந்த எஸ் பட்டின் பிடி கையில் எவ்வளவு வழவழப்பாக இருந்தது தெரியுமா? உப்புத்தாளால் அந்த வழவழப்பு வராது. எத்தனையோ உள்ளங்கைகள் பிடித்துப் பிடித்து வந்தது அது.

பள்ளங்களை ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டி எழுப்பினேன். நார் அறுந்த வெட்டுகள் எழும்பாது, அப்படியே விட்டேன். பிறகு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையால், மெல்லியதாக மூன்று தடவை. ஒவ்வொன்றும் காய நாலைந்து நாள். எண்ணெய்த் துணிகளைத் தம்பி சுருட்டி மூலையில் போடப் போனான், கத்திவிட்டேன். ஆளி விதை எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் அமுக்கி, பிறகு வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

பதினாறில் பதினைந்து முடிந்தது. ஒரு பட் மட்டும், இரும்பில் சொருகும் முனையில், தூளை எடுத்த மறுவாரமே மறுபடி கசிந்தது. அந்த ஆழத்துக்கு எண்ணெய் போயிருக்கிறது. அடுத்த சித்திரையில் ஹவில்தார் போன் செய்தார். “மேஸ்திரி, வெயில் வந்துடுச்சு, அது மறுபடி வியர்க்குது.” சாக் பவுடர் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன்.