கவுனியா, அண்ணா 4ஆ
ஆவணி கடைசில மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதியில நெல்ல வெதச்சாச்சு, கண்மாய்ல இன்னும் ஆடுதான் மேயுது. கவுனி (கருப்பரிசி நெல்லு) போட ஆசதான், காரைக்குடி பக்கம் கல்யாண வீட்டுக்கெல்லாம் அந்த அரிசி கேப்பாங்க, ஆனா அஞ்சு மாசப் பயிரு, கார்த்திகையோட மழ நின்னுருச்சுன்னா கதிர் வர்ற நேரத்துல தண்ணிக்கு எவன்கிட்ட போயி நிக்கிறது? அதான் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்துல 2009ல வெளியிட்ட அண்ணா 4 நெல் ரகத்தப் போட்டேன், 100-105 நாள்ல அறுத்துரலாம், வறட்சியும் கொஞ்சம் தாங்கும். அப்பத்தாவுக்குத்தான் கோவம், ஒரு மூலையிலயாவது கவுனி போடுடான்னு ஒரே பிடி (திங்கிறது அதுதானே). சரின்னு கெணத்தடியில 10 சென்ட் மட்டும். நேத்து மண்ணக் கிளறிப் பாத்தேன், வெத அப்படியே கெடக்கு, எறும்புதான் இழுத்துட்டுப் போவுது. கண்டனூர் பக்கம் இடி சத்தம் கேட்டுச்சாம், இங்க வெறும் காத்து.